திரையில் வரும் பக்தர்களும் தெருவில் வாழும் பக்தர்களும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் இயற்பியல் மாணவி)

மாலை மங்குகிறது. உழைத்துக் களைத்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். கை கால் கழுவியதும் அவர்கள் கண்கள் தேடுவது தொலைக்காட்சிப் பெட்டியைத்தான். ஒரு காலத்தில் திண்ணையும் தேர்முட்டியும் கோயில் மண்டபமும் செய்துவந்த வேலையை இன்று இந்தப் பெட்டி தனியொன்றாகச் செய்துவருகிறது. கதை சொல்கிறது, சிரிக்க வைக்கிறது, அழ வைக்கிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1987, 1988ஆம் ஆண்டுகளில் ஞாயிறு காலையில் ஒளிபரப்பான இந்தி இராமாயணத்தை, மொழி புரியாமலே நம் ஊர்ப் பெரியவர்கள் கைகூப்பிப் பார்த்ததாகக் கேட்டிருக்கிறோம். 1993இல் தனியார் தொலைக்காட்சி வந்தது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், கூரை வீடுகளுக்குள்ளும் பெட்டி குடியேறியது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தொலைக்காட்சியும் அப்படி வந்ததே. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குமுன் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். நூலகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உலகம் முதலில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரிகிறது. ஆகவே அந்தக் கண்ணாடி நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உண்டு.

அந்தக் கேள்வியை ஒரேயொரு பொருளில் வைத்து இங்கே ஆராய விரும்புகிறேன். சமயப் பற்று மிகுந்தவர்கள், ஆசாரம் விடாதவர்கள், நோன்பும் தொழுகையும் செபமும் தவறாதவர்கள் தொலைக்காட்சிப் பொழுதுபோக்கில் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதே அப்பொருள்.

ஆயத்த ஆடை மனிதர்கள்

கடைவீதியில் ஆயத்த ஆடைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அளவெடுக்க வேண்டியதில்லை, எடுத்து மாட்டிக்கொள்ளலாம். நம் தொடர்களிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகும் திரைப்படங்களிலும் சமயப் பற்றாளர்களுக்கென்று இத்தகைய ஆயத்த ஆடைகள் சில உண்டு.

முதலாவது, குடுமி வைத்த அர்ச்சகர் அல்லது மடிசார் கட்டிய மாமி. அவர் பேசும் ஒவ்வொரு வரியிலும் 'அவா', 'இவா' வந்தே தீரும். தட்டில் விழும் காசைப் பார்த்துக் கண் அகலும். யாரேனும் தொட்டுவிட்டால் துள்ளிக் குதிப்பார். இரண்டாவது, குல்லாவும் கைலியும் அணிந்த பாய். ஒன்று அவர் பிரியாணிக் கடை வைத்திருப்பார். அல்லது வெடிகுண்டு வைத்திருப்பார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு வேறு பிழைப்பே கிடையாது. தமிழைக் கடித்துத் துப்பி 'நிம்பள், நம்பள்' என்று பேசுவார். மூன்றாவது, வெள்ளை அங்கி அணிந்த பாதிரியார். அநாதை இல்லத்துக்கும் கல்லறைக்கும் மட்டுமே அவர் வருவார். அவருடைய சபைப் பெண்மணி பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகப் பேசி ஐந்து வாக்கியத்துக்கு ஒருமுறை சிலுவைக்குறி இடுவார். நான்காவது, சாமியாடும் கிராமத்துப் பெண். அவள் கண்ணை உருட்டி நாக்கைக் கடித்தால் அரங்கம் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஐந்தாவது, காவி கட்டிய சாமியார். அவர் முகத்தைக் கண்டதுமே போலி என்று முடிவு கட்டிவிடலாம்.

இந்த ஐவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இவர்களுக்கு ஊர் உண்டா? பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை உண்டா? கடன் உண்டா? பிடித்த உணவு உண்டா? நகைச்சுவை உணர்வு உண்டா? ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் ஓர் உடையும் ஓர் உச்சரிப்பும் மட்டுமே.

உண்மை என்ன? தமிழகத்து இராவுத்தர், மரைக்காயர், லெப்பை குடும்பங்களில் மிகப் பலருக்குத் தாய்மொழி தமிழே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருது பேசுவோர் உண்டு. அவர்களும் தமிழைக் கடித்துத் துப்புவதில்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என்று வழிபாட்டுக்கே தூய தமிழ்ச் சொற்களை வழங்குகின்ற மக்கள் அவர்கள். குழம்பை 'ஆணம்' என்று சொல்லும் பழந்தமிழ் வழக்கு அவர்கள் அடுக்களையில் உயிரோடு இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வழிவந்தவர்களைத் தமிழ் தெரியாதவர்களாகக் காட்டுவது எவ்வளவு பெரிய நகைமுரண்! அவ்வாறே, தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். அவர் தமிழில் ஆங்கிலம் கலந்து உளறியவர் அல்லர். நீதிமன்ற ஆங்கிலத்தைத் தமிழாக்கியவர். அவருடைய சமயத்தாரைத்தான் திரை இன்று பாதித் தமிழராகக் காட்டுகிறது.

இந்தக் கேலியின் பிறப்பு

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "சமயத்தின் பெயரால் மக்கள் அடிமைப்படுத்தப்பட்ட நாட்டில் சமயவாதியைக் கேலி செய்வது தவறா? அந்தக் கேலி இல்லாவிட்டால் நீ கல்லூரிக்கு வந்திருப்பாயா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு நான் கடன்பட்டவள்.

1949இல் அறிஞர் அண்ணாவின் கதையில் வந்த 'வேலைக்காரி' போலிச் சாமியாரின் முகத்திரையைக் கிழித்தது. 1952இல் கலைஞரின் எழுத்தில் வந்த 'பராசக்தி', கோயிலுக்குள்ளேயே ஓர் ஆதரவற்ற பெண்ணை அவமானப்படுத்த முனையும் பூசாரியைக் காட்டியது. அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவை எல்லார்க்கும் உரிமையாக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. என் பாட்டனாரின் தலைமுறை கோயிலின் வெளிவாசலில் நின்று கும்பிட்ட தலைமுறை. அந்த வாசலைக் காத்தவரை நோக்கி எழுந்த கேலி, அதிகாரத்தை நோக்கி எறியப்பட்ட கல். அது வேண்டியிருந்தது. என் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி பட்டப்படிப்புக்கு வந்திருக்கிறாள் என்றால் அந்தக் கல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் கல்லெறிந்த கை ஓய்ந்த பிறகும், கல் மட்டும் தானாகப் பறந்துகொண்டிருக்கிறது. அன்றைய படைப்புகளில் பூசாரி என்ன செய்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். இன்றைய துணுக்குகளில் அர்ச்சகர் ஒன்றும் செய்வதில்லை. குடுமியோடு வருகிறார், அதுவே சிரிப்புக்குப் போதுமானதாகிவிட்டது. செயலைச் சாடுவது சீர்திருத்தம். அடையாளத்தைச் சாடுவது சோம்பல். முன்னதற்கு ஆராய்ச்சியும் துணிவும் வேண்டும். பின்னதற்கு ஒப்பனைப் பெட்டி இருந்தால் போதும். முதலில் சொன்னதற்கு வாரிசு என்று இரண்டாவது தன்னைச் சொல்லிக்கொள்வதைப் பகுத்தறிவு உள்ளவர்கள் ஒப்பலாகாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

தொடர் எழுதுவோர் எல்லாரும் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று நான் கருதவில்லை. தொழிலின் அமைப்பே அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள், நாளுக்கு அரைமணி நேரம் ஒரு தொடர் ஓட வேண்டும். விளம்பரம் போக மிஞ்சும் இருபது நிமிடத்துக்கு அன்றன்றே காட்சிகள் எழுதப்பட வேண்டும். பார்க்கின்றவரோ அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து பார்க்கிறார்; பாதியில் எழுந்து போகிறார்; திரும்பி வருகிறார். உள்ளே வரும் பாத்திரம் யார் என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் குல்லா வருகிறது, சிலுவை வருகிறது, குடுமி வருகிறது. அது போதாதென்று பின்னணியில் ஒரு இசையும் வருகிறது. பாய் வந்தால் அரபு நாட்டு மெட்டு. பாதிரியார் வந்தால் ஆலயமணி. அர்ச்சகர் வந்தால் மத்தளம். பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து வாரந்தோறும் தரவரிசை வெளியாகும் சந்தையில், ஒரு மனிதரை மெல்ல மெல்ல அறிமுகம் செய்யும் பொறுமை யாருக்கு உண்டு?

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் கொடுத்தவுடன் ஆசிரியர் சொல்லும் முதற் பாடம், சுழிப் பிழையைப் பார் என்பதே. இரண்டாவது பாடம், ஒரே அளவீட்டை நம்பாதே, ஐந்து இடங்களில் அளந்து சராசரி காண் என்பது. கருவியில் சுழிப் பிழை இருந்தால் நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் தவறாகவே வரும். நம் சின்னத்திரையின் கருவியிலும் இத்தகைய சுழிப் பிழை ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தாமல் எத்தனை தொடர் எடுத்தாலும் எல்லாவற்றிலும் அதே பாய், அதே மாமி, அதே பாதிரியார்தான் வருவார்கள்.

போற்றுவதும் பொம்மையாக்குவதே

சிலர் வேறொன்று கூறக்கூடும். "தொலைக்காட்சி பக்தியைக் கேலி செய்கிறதா? மாலைத் தொடர்களைப் பார். கதாநாயகி மண்சோறு சாப்பிடுகிறாள், தீ மிதிக்கிறாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பக்தி அங்கே கொடிகட்டிப் பறக்கிறதே" என்பர்.

பறக்கத்தான் பறக்கிறது. ஆனால் அதுவும் ஆயத்த ஆடையே. அந்தக் கதாநாயகியின் பக்திக்கு ஒரே பொருள்தான் உண்டு: கணவன் பிழைக்க வேண்டும், புகுந்த வீடு விளங்க வேண்டும். அவளுக்கென்று ஒரு வேண்டுதல் இருக்காது. அதே வீட்டில் அவளைவிடப் பெரிய பொட்டு வைத்த மாமியாரோ நாத்தனாரோ மந்திரவாதியைத் தேடிப் போவாள். ஆகத் திரையில் பக்திமான் ஒன்று தெய்வப்பிறவி, அல்லது கோமாளி, அல்லது கொடியவர். இடையில் இருக்கும் மனிதரைத்தான் காணவில்லை.

என் தாயார் பூக்கட்டி விற்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர். ஆடி மாதம் கூழ் ஊற்றாமல் எங்கள் வீட்டில் அந்த ஆண்டு கழியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது உறவினர் பலரும் மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். "அம்மன்கிட்டச் சொல்லிட்டேன், என் பொண்ணு காலேஜ் போவா" என்று ஒரே சொல்லில் அவர்கள் வாயை அடைத்தவர் என் தாயார். இடம் கிடைத்ததும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார். கணவன் உயிருக்காகத் தீச்சட்டி எடுக்கும் பெண்களைத் தொடரில் ஆயிரம் முறை பார்த்துவிட்டோம். மகளின் இயற்பியல் பட்டத்துக்காகத் தீச்சட்டி எடுத்த ஒருத்தியை எந்தத் தொடரிலாவது பார்த்ததுண்டா?

அதே தாயார்தான் மாதத்தில் மூன்று நாள் என்னை விளக்கின் பக்கம் வர விடுவதில்லை. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உடலியல் பாடத்தை எடுத்துச் சொல்லி வாதாடுகிறேன். அவர் தம் தாயார் சொன்னதைச் சொல்லி வாதாடுகிறார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வழக்கு நடக்கும் நாளிலும் எனக்குச் சோறு முதலில் வைக்கப்படுகிறது. பிடிவாதமும் பாசமும், பழைமையும் புதுமையும் ஒரே முந்தானையில் முடிந்து கிடக்கும் இந்த வாழ்க்கையைத்தான் நம்மில் பெரும்பாலோர் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

கடல் கடந்து பார்த்தால்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவில் 1989 முதல் ஓடிவரும் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரில் நெட் பிளாண்டர்ஸ் என்றொரு பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. தொடக்கத்தில் அவர் நல்ல அண்டை வீட்டுக்காரர், அன்பான தந்தை, கேட்டதை இரவல் கொடுப்பவர். அவற்றோடு தேவாலயம் தவறாதவர். ஆண்டுகள் போகப் போக மற்றவையெல்லாம் தேய்ந்து, சமயப் பிடிவாதம் ஒன்றே அவரிடம் மிஞ்சியது. ஒரு பாத்திரம் இப்படி ஒற்றைக் குணமாகச் சுருங்கிப் போவதற்கு 'பிளாண்டரைசேஷன்' என்று அவர் பெயரையே ரசிகர்கள் சூட்டிவிட்டார்கள். நோய்க்கு நோயாளியின் பெயரையே வைத்தது போன்றது இது.

ஆனால் திருந்தவும் முடியும் என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. விடுதித் தோழி ஒருத்தியின் கைபேசியில் 'யங் ஷெல்டன்' (2017-2024) என்னும் தொடரைப் பார்த்தேன். டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூரில் இயற்பியல் மேதையான ஒரு சிறுவனும், தேவாலயமே கதி என்றிருக்கும் அவன் தாய் மேரியும் அதில் வருகிறார்கள். இதே தாய், இதற்கு முன் வந்த 'தி பிக் பேங் தியரி' (2007-2019) தொடரில் அவ்வப்போது வந்து பைபிளைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போகும் துணைப் பாத்திரம். பின்வந்த தொடரிலோ அவள் முழு மனுஷி. 2018இல் வந்த ஒரு பகுதியில், அறிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி விபத்தில் இறந்துவிட, மேரியின் நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. கடவுள் இல்லை என்று தினமும் வாதாடும் மகன் வந்து அருகில் அமர்கிறான். ஈர்ப்பு விசை இம்மி கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்த அண்டம் இப்படி அமைந்திராது என்று தனக்குத் தெரிந்த அறிவியலைக் கொண்டே தாயைத் தேற்றுகிறான். அவன் மதம் மாறவில்லை. அவளும் நாத்திகம் ஆகவில்லை. இருவருக்கும் இடையில் இருந்த மதிப்பு மட்டும் வெளிப்பட்டது. ஒரே பாத்திரம், இரண்டு தொடர்கள். முன்னதில் அவள் வந்து போகும் நகைச்சுவை. பின்னதில் நாம் அறிந்து மதிக்கும் ஒருத்தி. எழுதுகிறவர் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கனடாவில் 2007 முதல் 2012 வரை ஓடிய 'லிட்டில் மாஸ்க் ஆன் தி பிரெய்ரி' என்னும் நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர் ஜர்கா நவாஸ் என்ற இஸ்லாமியப் பெண்மணி. அதில் பாபர் என்னும் கடும் ஆசாரவாதி உண்டு. எதற்கெடுத்தாலும் கூடாது என்பார். ஆனால் அவர் பருவ வயது மகளோடு தனியாகப் போராடும் தந்தையும்கூட. நாம் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். கேலியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். வீட்டுக்குள் இருந்து எழும் கேலியில் உரிமை இருக்கும். வெளியில் நின்று எறியும் கேலியில் அது இருக்காது.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில், இந்துவாகப் பிறந்து இஸ்லாமியப் பெரியவரால் வளர்க்கப்பட்ட இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். 1995இல் வந்த 'பம்பாய்' படத்தில் இரு ஆசாரத் தந்தையர் சண்டையிட்டுக்கொண்டே பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார்கள். அங்கே இந்துத் தந்தையாக நடித்தவர் நாசர். முஸ்லிம் தந்தையாக நடித்தவர் கிட்டி. உடையை மாற்றிக்கொண்டால் மனிதர் மாறுவதில்லை என்பதை அந்த நடிகர் தேர்வே சொல்லிவிட்டது.

மெய்யான மனிதர் எப்படி இருப்பார்?

டாக்டர் அப்துல் கலாம் 1999இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஆசாரமான அந்தணர். மாணவன் கலாமை ஒருநாள் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். மடி மிகுந்த அவர் மனைவி, தம் அடுக்களையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்துவிடுகிறார். ஆசிரியர் கோபிக்கவில்லை, தாமே பரிமாறி, சிறுவனோடு அமர்ந்து உண்கிறார். அடுத்த வாரமும் அழைக்கிறார். இம்முறை அந்த அம்மையாரே கலாமை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறுகிறார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நம் தொடர் எழுத்தாளரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வாரத்தோடு கதை முடிந்துவிடும். ஒன்று அம்மையார் வில்லியாவார். அல்லது தொட்டதும் துள்ளிக் குதித்துச் சிரிக்க வைப்பார். ஆனால் வரலாற்றில் இரண்டாவது வாரமும் இருந்தது. மனிதர் மாறுவது இரண்டாவது வாரத்தில்தான். கேலிச்சித்திரத்துக்கு இரண்டாவது வாரம் கிடையாது.

பக்தி என்றால் அறியாமை என்ற எண்ணத்தையும் இவ்விடத்தில் ஆராய வேண்டும். பரம்பரைப் பண்புகளின் விதியைப் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. நம் கணித மேதை இராமானுஜன் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அடியவர். 1979இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம் தொழுகை தவறாத முஸ்லிம். இவர்களுடைய பக்தியினால்தான் அறிவியல் வளர்ந்தது என்று நான் வாதிடவில்லை. பக்தியைக் கண்டதும் அறிவில்லை என்று முடிவு கட்டுவது அறிவியலுக்கே விரோதம் என்று மட்டும் கூறுகிறேன். நம் அரசியல் சட்டம் 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளுள் அறிவியல் மனப்பான்மையோடு மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் ஒரே வரியில் வைத்திருப்பதை நாம் மறக்கலாகாது.

கேலியால் வரும் கேடு

'பொழுதுபோக்குத்தானே, இதற்குப் போய் இவ்வளவா?' என்று கேட்பீர்கள். பொழுது போகிறது, ஆனால் மனத்தில் பதிந்தது போவதில்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி இராவுத்தர் குடும்பத்துப் பெண். பர்தா அணிந்து வருவாள். தமிழ் மன்றக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவள். நாங்கள் இருவரும் பேருந்தில் வந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மையார் அவளிடம், "ஏம்மா, உனக்குத் தமிழ் பேச வருமா?" என்று கேட்டார். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை, பரிவோடுதான் கேட்டார். அவருக்குத் தெரிந்த முஸ்லிம்கள் அனைவரும் திரையில் வந்தவர்கள். அவர்கள் யாரும் ஒழுங்காகத் தமிழ் பேசியதில்லை.

சென்ற ஆண்டு விழா மேடையில் நம் மாணவர்களே ஒரு நாடகம் போட்டார்கள். குல்லா மாட்டிய ஒருவர் 'நிம்பள், நம்பள்' என்று பேசினார். குடுமி மாட்டிய ஒருவர் துள்ளினார். அங்கி மாட்டிய ஒருவர் ஆசீர்வதித்தார். அரங்கம் அதிரச் சிரித்தது. அன்றிரவு விடுதியில் என் தோழி சொன்னது ஒரே வாக்கியம்: "எங்க அத்தா அப்படிப் பேசவே மாட்டாரே." அதில் கோபம் இல்லை, வியப்பே இருந்தது. தன் தந்தையைத் தன் கல்லூரியே அறியவில்லையே என்ற வியப்பு. கோபத்தைத் தணிக்கலாம், இந்த வியப்புக்கு மறுமொழி சொல்வது கடினம்.

இன்னொரு கேடும் உண்டு. கேலிச்சித்திரம் உண்மையான குற்றவாளியைத் தப்பவிடுகிறது. இன்ன சமயத்தாருக்கு, இன்ன சாதியாருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்பவர் குடுமியோடு இருப்பதில்லை. கால்சட்டை அணிந்து, கைபேசியைப் பார்த்தபடி, சிரித்துக்கொண்டே சொல்கிறார். பழைமைவாதி என்றால் இன்ன தோற்றம் என்று திரை பழக்கிவிட்டதால், இவரை நாம் அடையாளம் காண்பதே இல்லை. பொம்மையை அடித்துக்கொண்டிருக்கிறோம், ஆள் பின்வாசலால் போய்விடுகிறார்.

தடை தீர்வாகுமா?

அப்படியானால் இத்தகைய காட்சிகளைத் தடை செய்ய வேண்டுமா? கூடாது என்பதே என் கருத்து. கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் 1994ஆம் ஆண்டு முதல் சமயங்களையும் சமூகங்களையும் இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளைத் தடுக்கின்றன. ஆனால் எந்த விதியாலும் ஓர் எழுத்தாளருக்குப் பார்வையைக் கொடுக்க முடியாது. 2013இல் 'விஸ்வரூபம்' திரைப்படம் தமிழகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, சில வெட்டுகளுக்குப் பின் பிப்ரவரி 7ஆம் நாள் வெளியானது. அந்தத் தடையால் இஸ்லாமியர் பற்றிய புரிதல் ஓர் அங்குலமாவது கூடியதா? சத்தம்தான் கூடியது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல், ஆர்ப்பாட்டம் வரும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடே. தவறான கதைக்கு மருந்து சரியான கதைதான், கத்தரிக்கோல் அன்று.

நாம் செய்யத்தக்கவை

தொலைக்காட்சி நிலையங்கள் நம் கையில் இல்லை. ஆனால் நம் கல்லூரி மேடை நம் கையில் இருக்கிறது. நம் ஆண்டு மலர் நம் கையில் இருக்கிறது. ஆகவே மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, இவ்வாண்டு விழா நாடகத்தில் சமயப் பற்றாளர் ஒருவர் வந்தால், அவருடைய சமயத்தைத் தவிர வேறு இரண்டு செய்திகளாவது அவரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டும். அவர் என்ன தொழில் செய்கிறார்? எதற்காகக் கவலைப்படுகிறார்? இதை எழுத முடியாவிட்டால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

இரண்டாவதாக, ஒரு சமயத்தாரைப் பற்றி நாடகம் எழுதினால், மேடையேறுமுன் அந்தச் சமயத்து நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டுவோம். அனுமதி பெறுவதற்காக அன்று. பேச்சு வழக்கு சரிதானா என்று பார்ப்பதற்காக. ஆய்வகத்தில் அளவீட்டை அடுத்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பதில்லையா? அதுபோன்றதே இது.

மூன்றாவதாக, கேலியை விட்டுவிட வேண்டாம். அதன் முகவரியை மாற்றுவோம். அநீதி செய்பவர் எந்தச் சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும், அவர் செயலைத் துணிந்து கேலி செய்வோம். எவர் சொன்னாலும் ஆராய்ந்து மெய்ப்பொருள் காணச் சொன்ன வள்ளுவரின் நாட்டில், எந்த உடையில் வந்தாலும் மனிதரை ஆராய்ந்து காண்பது நமக்குக் கடினமாகாது.

நான்காவதாக, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஆண்டுக்குள் தம் சமயம் அல்லாத ஒரு வீட்டின் பண்டிகைச் சாப்பாட்டுக்குப் போய்வர வேண்டும். வருகிறவர்களைத் தம் வீட்டுக்கும் அழைக்க வேண்டும். முதல் முறை அடுக்களை வாசல் திறக்காமல் போகலாம். இரண்டாவது முறையும் போக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நாளை நம்மிலிருந்து ஆசிரியர் வருவர், அதிகாரி வருவர், எழுத்தாளர் வருவர். தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவரும் ஒருவர் வரக்கூடும். நம்மைப் பெற்றவர்கள் விரதம் இருப்பவர்கள், நோன்பு நோற்பவர்கள், செபமாலை உருட்டுபவர்கள். அவர்களோடு நமக்குத் தீராத வழக்குகள் உண்டு. அந்த வழக்குகளை நாம் விடவும் மாட்டோம். ஆனால் அவர்களைக் கோமாளிகளாக்கி நாம் முற்போக்கு அடைந்துவிட முடியாது. அவர்களை உள்ளபடி எழுதிக் காட்டும் பேனா நம்மிடமிருந்து வரட்டும்!